மாமாவின் பூக்கணக்கும் என் ‘டிலீட் ஆல்’ புத்தியும்

உசிலம்பட்டியில் ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். போர்டில் ஜெராக்ஸ் என்று இருந்தாலும் கடை ஓடுவது ஆன்லைன் வேலையில்தான். வருமானச் சான்று, கரண்ட் பில், காலேஜ் அட்மிஷன், ரயில் டிக்கெட், பிஎஃப் என்று எது வந்தாலும் நடுவில் ஒரு கேள்வி உண்டு: “ஓடிபி வந்திருச்சா பாருங்க.” பார்க்கத் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்வார்கள். தெரியாதவர்கள் போனை அப்படியே மேசையில் வைத்துவிடுவார்கள். வருஷக்கணக்கில் இப்படி அடுத்தவர் இன்பாக்ஸைப் பார்த்துப் பார்த்து, மெசேஜ் விஷயத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்கிற நினைப்பு வந்துவிட்டது. அந்த நினைப்பை உடைத்தவர் என் தாய்மாமன்.

மாமாவுக்குச் செல்லம்பட்டிப் பக்கம் முக்கால் ஏக்கர் மல்லிகைத் தோட்டம். விடியும் முன்னே அவரும் அத்தையும் இரண்டு ஆளுமாக மொட்டுப் பறித்து, பையில் கட்டி, பூ ஏற்றுகிற வேனில் போட்டுவிடுவார்கள். அது மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் வழக்கமான கமிஷன் கடைக்குப் போய்ச் சேரும். மாமா கூடப் போவதில்லை. எடை எவ்வளவு நின்றது, கிலோ என்ன விலைக்குப் போனது என்று கடைக் கணக்குப்பிள்ளை அன்றன்றைக்கு மெசேஜ் அனுப்பிவிடுவார். வாட்ஸ்அப் இல்லை, சாதா எஸ்எம்எஸ். தோட்டத்தில் நெட் எடுக்காது. எஸ்எம்எஸ் மட்டும் ஒரு புள்ளி சிக்னலிலும் எப்படியோ வந்து விழுந்துவிடும்.

இதெல்லாம் இப்போது தெரியும். அன்றைக்குத் தெரியாது. மாமா பூப் போடுகிறார் என்று தெரியும். கணக்கு எந்த வழியாக வருகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

பங்குனிக் கடைசி, ஒரு சனிக்கிழமை. மல்லிகைக்கு அதுதான் காலம். பூக் குவியும், விலை இறங்கும். மாமா வேர்வையோடு கடைக்குள் வந்தார். “மாப்ள, மெமரி புல்லுங்குது. போட்டோ எடுக்க மாட்டேங்குது, போன் பேசுனாலும் நின்னு நின்னு பேசுது. என்னான்னு பாரு.” வரிசையில் நாலு பேர் நிற்கிறார்கள். போனை வாங்கினேன். 32 ஜிபி போன். மெசேஜ் ஐகானுக்கு மேலே நாலாயிரத்துச் சொச்சம் படிக்காத மெசேஜ் என்று சிவப்பில் நிற்கிறது. ‘இதுதான் அடைச்சுக்கிட்டிருக்கு’ என்று முடிவு கட்டினேன். உள்ளே போய் மேலே இருந்ததை அழுத்திப் பிடித்து, மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து, குப்பைத்தொட்டிப் படத்தை அமுக்கினேன். “எல்லாம் அழியும், சரியா?” என்று போன் கேட்டது. சரி என்றேன். மாமாவிடம் கேட்கவில்லை. அவர் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அழித்து முடித்துப் பார்த்தால் மெமரி அதே நிலையில் இருக்கிறது. இருக்கத்தான் செய்யும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு ஆங்கிலத்தில் 160 எழுத்து உச்சம். தமிழில் அடித்தால் 70 தான், அதிலும் புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனி எழுத்தாகக் கணக்கு. ‘வணக்கம்’ நமக்கு ஐந்து எழுத்து, போனுக்கு ஏழு. மாமாவுக்கு வந்ததெல்லாம் முழு நீள ஆங்கில மெசேஜ் என்றே வைத்தாலும் 4,000 மெசேஜுக்கு 6,40,000 எழுத்து. ஒரு எம்பியைத் தொடாது. தேதி, நம்பர் என்று போன் சேர்த்து வைக்கிறதையும் கூட்டினால்கூட நாலைந்து எம்பிக்குள் அடங்கிவிடும். ஒரே ஒரு காலை வணக்க வீடியோ அதைவிடப் பெரிதாக இருக்கும்.

அந்தக் காலை வணக்கங்கள்தான் குற்றவாளி. வாட்ஸ்அப் அமைப்புகளில் ‘சேமிப்பகமும் தரவும்’ என்ற இடத்தில் போய்ப் பார்த்தால் 13 ஜிபி. எந்தக் குழு எவ்வளவு பிடித்திருக்கிறது என்று பெரியது முதலில் வரிசையாகக் காட்டும். 5 எம்பிக்கு மேற்பட்டவை தனியாக, பலமுறை ஃபார்வர்டு ஆனவை தனியாகப் பிரித்தும் வைத்திருக்கும். ஃபார்வர்டு வீடியோக்களை மட்டும் தூக்கினேன். பேத்தி போட்டோக்களைத் தொடவில்லை. அதே இடத்தில், தானாக இறங்குகிற படம், வீடியோ எல்லாவற்றையும் நிறுத்தினேன். ஒன்பது ஜிபி காலியானது. போன் சுறுசுறுப்பாகிவிட்டது. மாமா சந்தோஷமாகப் போனார். நானும் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

திங்கட்கிழமை காலை கடை திறக்கும்போதே படியில் உட்கார்ந்திருந்தார்.

“மாப்ள, பூக்கடைக்காரரு அனுப்புன கணக்கெல்லாம் எங்கடா?”

எனக்கு முதலில் புரியவில்லை. போனை நீட்டினார். மெசேஜில் ஞாயிறு, திங்கள் வந்தவை மட்டும் இருக்கின்றன. பெயர் சேமிக்காத ஒரு பத்து இலக்க நம்பரிலிருந்து ஒரு வரி: தேதி, 4.350, 280. நாலு கிலோ முந்நூற்று ஐம்பது கிராம், கிலோ 280 ரூபாய். முந்தின ஒரு மாதத்துக்கு இதே போல் நாளுக்கு ஒன்று இருந்திருக்கிறது. தை மாதத்தில் கிணற்று மோட்டார் காயில் போனபோது மாமா கடையில் 40,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருக்கிறார். தினப் பூவில் கழித்துக்கொண்டே வந்து, சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதாகப் பேச்சு. மாமா தனியாக நோட்டுப் போடவில்லை. அவருடைய நோட்டே அந்த இன்பாக்ஸ்தான்.

இன்றைக்கும் என்னை உறுத்துவது ஒன்று உண்டு. மாமாவுக்கு மெசேஜ் பார்க்கத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். நாலாயிரம் படிக்காமல் கிடந்தால் வேறென்ன நினைப்பது? ஆனால் படிக்காத மெசேஜ் தடித்த எழுத்தில் இருக்கும், படித்தது மெல்லிசாக இருக்கும். சனிக்கிழமை அந்தப் பட்டியலைக் கீழே தள்ளிக்கொண்டு போனபோது, தடித்த எழுத்துக் கூட்டத்தின் நடுவே ஒரே ஒரு நம்பர் மெல்லிசாக நின்றது கண்ணில் பட்டது. ஞாபகம் இருக்கிறது. ஒரு விநாடி நின்று ‘இதை மட்டும் யார் படித்தார்கள்?’ என்று கேட்டிருந்தால் போதும். இப்போது யார் போனைச் சுத்தம் செய்தாலும் முதலில் தேடுவது அந்த மெல்லிசு எழுத்தைத்தான்.

மீட்க முடியுமா என்று பார்த்தேன். சில போன்களின் மெசேஜ் ஆப்பில் குப்பைத்தொட்டி உண்டு. சாம்சங்கின் சொந்த ஆப்பில் அழித்தது 30 நாள் தொட்டியில் கிடக்கும். ஐபோனில் ஐஓஎஸ் 16-க்குப் பிறகு ‘சமீபத்தில் நீக்கியவை’ என்று தனிப் பகுதியே வந்துவிட்டது, அங்கேயும் 30 நாள் அவகாசம். மாமா போனில் அப்படி எதுவும் இல்லை. அடுத்தது கூகுள் பேக்கப். அது ஆன் செய்து இருந்தால் எஸ்எம்எஸ்ஸையும் சேர்த்து எடுத்து வைக்கும். ஆனால் திரும்பக் கொண்டுவர வேண்டுமென்றால் போனை முழுதாக அழித்துப் புதுப் போன் மாதிரி தொடங்க வேண்டும், அந்தக் கட்டத்தில்தான் கேட்கும். சரி, அதையும் செய்துவிடலாம் என்று போனால், மாமாவின் ஜிமெயில் அவருடையதே இல்லை. போன் விற்ற பையன் அவசரத்துக்கு ஏதோ ஒரு பெயரில் உண்டாக்கிக் கொடுத்தது. பாஸ்வேர்டு அவனுக்கும் தெரியாது. பேக்கப்பும் ஆஃப். நம் பக்கத்தில் பாதிப் போன் இப்படித்தான் ஓடுகிறது.

கடைசியாக, அழிந்த மெசேஜை மீட்டுத் தருகிறேன் என்கிற ஆப் ஒன்றை இறக்கினேன். மெசேஜ், கான்டாக்ட், போட்டோ எல்லாவற்றையும் பார்க்க அனுமதி கேட்டது. ஒரு மணி நேரம் விளம்பரம் காட்டியது. பிறகு, போனில் ஏற்கெனவே இருந்த மெசேஜையே ‘மீட்டவை’ என்று காட்டிப் பணம் கேட்டது. தூக்கி எறிந்தேன். ஆண்ட்ராய்டில் குப்பைத்தொட்டியோ பேக்கப்போ இல்லாமல் அழித்த எஸ்எம்எஸ்ஸை இந்த மாதிரி ஆப்பால் மீட்க முடியும் என்று நம்பிக் காசு கட்டாதீர்கள். நான் வெட்கத்தில் கட்டப் பார்த்தேன், மாமாதான் தடுத்தார். “விடுறா, நேர்ல போய்க் கேப்போம்.”

மறுநாள் முதல் பஸ்ஸில் ஆரப்பாளையம், அங்கிருந்து டவுன் பஸ்ஸில் மாட்டுத்தாவணி. பூச்சந்தை அந்த நேரத்தில் எப்படி இருக்கும் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நனைந்த சாக்கு, தராசு, ஏலச் சத்தம், கால் வைக்க இடமில்லை. கணக்குப்பிள்ளை அறுபது வயதுக்காரர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். நான் விஷயத்தைச் சொல்லத் தயங்கி இழுத்தேன். அவர் சாவகாசமாகத் தன் போனை எடுத்தார். “உங்களுக்கு அழிஞ்சா எனக்கும் அழிஞ்சிருமா தம்பி?”

அது எனக்குத் தோன்றவே இல்லை. எஸ்எம்எஸ் அனுப்பியவர் போனில் ஒரு பிரதி இருக்கும். நாம் நம் பக்கத்தில் அழிப்பது அவர் பக்கத்தைத் தொடாது. இவ்வளவு பெரிய நிபுணன் பேக்கப், ரெக்கவரி என்று இரண்டு நாள் சுற்றியிருக்கிறேன், அனுப்பியவரைக் கேட்கவில்லை. அவர் மாமாவின் பெயரைத் தேடி, ஒவ்வொன்றாக அமுக்கி ஃபார்வர்டு செய்தார். மாமாவின் சட்டைப் பையில் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது. 29 வந்தது. நடுவில் இரண்டு நாள் இல்லை. அந்த இரண்டு நாள் அவர் போன் சர்வீஸில் இருந்ததாம், வாயால் சொல்லியிருக்கிறார்.

“அது எனக்கே தெரியும். நாலு முந்நூறு, மூணு எண்ணூறு” என்றார் மாமா.

கணக்குப்பிள்ளை கடை நோட்டைப் புரட்டினார். நாலு முந்நூறு. மூன்று எழுநூற்றைம்பது. ஐம்பது கிராம் வித்தியாசம். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “நோட்டுல இருக்கறதே இருக்கட்டும்” என்று மாமா சொல்லிவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில், “மூணு எண்ணூறுதான்டா” என்றார்.

இதற்குப் பிறகு கடையில் நான் வேலை பார்க்கும் முறை மாறியது. ஃபார்வர்டு ஆகி வந்த அந்த 29 மெசேஜையும் நட்சத்திரம் போட்டு வைத்தேன் (கூகுள் மெசேஜஸில் ஒரு மெசேஜை அழுத்திப் பிடித்தால் நட்சத்திரம் வரும், பிறகு அவற்றை மட்டும் தனியாகப் பார்க்கலாம்). கணக்குப்பிள்ளை நம்பரைப் ‘பூக்கடை’ என்று சேமித்தேன். பெயர் சேமிக்காத நம்பர்தான் முதலில் பலியாகும். யார் வந்து “எல்லாத்தையும் அழிச்சிரு தம்பி” என்றாலும் இப்போது மொத்தமாக அழிப்பதில்லை. ஒவ்வொரு பெயராகப் பார்த்துத்தான். சந்தேகம் வந்தால் ‘காப்பகம்’. கூகுள் மெசேஜஸில் ஒரு உரையாடலை ஓரமாகத் தள்ளினால் அது பட்டியலிலிருந்து மறைந்து காப்பகத்துக்குப் போய்விடும், அழியாது. தேடினால் கிடைக்கும். சாமானைக் குப்பையில் போடாமல் பரணில் ஏற்றி வைக்கிற மாதிரி. பாதிப் பேருக்கு இதுவே போதும், அவர்களுக்கு வேண்டியது கண்ணுக்கு முன்னால் கூட்டம் இல்லாமல் இருப்பதுதான்.

குப்பையை எப்படிக் கண்டுபிடிப்பது? அனுப்பியவர் பெயரைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். வங்கி, கம்பெனி, அரசு அலுவலகம் எதுவாக இருந்தாலும் பதிவு செய்த பெயரில்தான் மெசேஜ் அனுப்ப வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-லேயே விதி கொண்டுவந்துவிட்டது. முன்னால் இரண்டு எழுத்து, ஒரு கோடு, பிறகு நிறுவனத்தின் சுருக்கப் பெயர். 2025-இல் இன்னொரு வசதி வந்தது: கடைசியில் ஒரு கோடு போட்டு ஆங்கிலத்தில் ஒரே எழுத்து. பி என்றால் விளம்பரம், எஸ் என்றால் சேவை, டி என்றால் பரிவர்த்தனை, ஜி என்றால் அரசு. இங்கிலீஷ் தெரியாதவர்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுத்துவிடலாம். என் அத்தை அந்த நாலு எழுத்தின் வடிவத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு, பி-யில் முடிவதையெல்லாம் தானே தூக்கிவிடுகிறாள்.

வருவதையே குறைக்க வேண்டும் என்றால் 1909. ஆங்கில எழுத்தில் ஸ்டார்ட் என்று அடித்து, ஒரு இடம் விட்டு 0 போட்டு அந்த நம்பருக்கு அனுப்பினால் விளம்பர மெசேஜ், விளம்பர அழைப்பு எல்லாம் தடைப் பட்டியலில் சேரும். ஓடிபியும் வங்கி மெசேஜும் வழக்கம் போல வரும், அதற்குப் பயப்பட வேண்டாம். அப்படியும் பத்து இலக்க நம்பரிலிருந்து ‘உடனடிக் கடன் 5 லட்சம்’ என்று வந்தால் பிளாக் செய்து புகார் கொடுக்கலாம், வந்த ஏழு நாளுக்குள். முழுசாக நின்றுவிடுமா என்றால், என் அனுபவத்தில் நிற்காது, குறையும்.

குறைத்தே ஆக வேண்டும் என்று எனக்குப் புரிய வைத்தது சேடபட்டிப் பக்கத்து அக்கா ஒருவரின் போன். அவர் மெசேஜே அழித்ததில்லை. அதனால் வந்த வினை வேறு மாதிரி. ஒரு நிதி நிறுவனத்தில் ஐந்து பவுன் சங்கிலியை அடகு வைத்திருந்தார். கெடு முடிகிறது, திருப்புங்கள் அல்லது வட்டி கட்டி மறுஅடகு வையுங்கள், இல்லாவிட்டால் ஏலம் என்று மூன்று முறை மெசேஜ் வந்திருக்கிறது. மூன்றும் ‘உங்களுக்குக் கடன் தயார்’ மெசேஜ்களுக்கு நடுவில் புதைந்து கிடந்தன. கடிதம் பழைய வாடகை வீட்டுக்குப் போய்விட்டது. மகளுடைய ஸ்காலர்ஷிப்புக்கு ஓடிபி பார்க்க என்னிடம் வந்தபோதுதான் தற்செயலாகக் கண்ணில் பட்டது. அன்றைக்கே ஓடினார். கெடு தாண்டி 11 நாள் ஆகியிருந்தது. கூடுதல் வட்டியோடு நகை தப்பித்தது.

ஆக, எதை எவ்வளவு நாள் வைப்பது என்று எனக்கு ஒரு கணக்கு உண்டு. ஓடிபி அந்த வேலை முடிந்தவுடன் செத்த மெசேஜ். கூகுள் மெசேஜஸ் அமைப்புகளில் 24 மணி நேரத்துக்குப் பின் ஓடிபியைத் தானாக அழிக்கிற வசதி உண்டு, இருந்தால் ஆன் செய்துவிடுங்கள். ஐபோனிலும் ஐஓஎஸ் 17 முதல், பயன்படுத்திய குறியீட்டைத் தானே அழிக்கச் சொல்லலாம். கேஸ் சிலிண்டருக்கு வருகிற நம்பர், சிலிண்டர் வீட்டுக்குள் வரும் வரை. ரயில் டிக்கெட் மெசேஜ் பயணம் முடியும் வரை. ஆன்லைனில் எடுத்த டிக்கெட்டுக்கு அந்த மெசேஜும் அசல் அடையாள அட்டையும் இருந்தால் டிடிஆரிடம் பேப்பர் காட்ட வேண்டியதில்லை. வங்கி வரவு, பற்று மெசேஜ் பாஸ்புக்கில் அந்த வரி ஏறும் வரை. கடன் தவணை கட்டிய மெசேஜ், கடன் முடிந்து பாக்கியில்லை என்று சான்று கைக்கு வரும் வரை, அது ஐந்து வருஷமானாலும். வாய்க்கணக்காக நடக்கிற தொழிலில் வருகிற மெசேஜ், பூ, பால், கொத்தனார் கூலி எதுவாக இருந்தாலும், இருவரும் உட்கார்ந்து கணக்கை முடிக்கும் வரை.

கணக்கை மீறி ஒன்று உண்டு. ஏமாந்தபோது வந்த மெசேஜ். அதை அழிக்கவே கூடாது, ஆனால் எல்லோரும் முதலில் அழிப்பது அதைத்தான்.

பழக்கமான பையன் ஒருவன், காலேஜ் முடித்தவன். அவன் அம்மாவுக்கு ‘இன்றிரவு 9.30 மணிக்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த அதிகாரியை அழைக்கவும்’ என்று ஒரு மெசேஜ் வந்திருக்கிறது. பத்து இலக்க நம்பர். 2022-இல் நாடு முழுக்கச் சுற்றிய மோசடி, நம் ஊருக்கு இன்னும் வந்துகொண்டிருக்கிறது. அழைத்திருக்கிறார். ஏதோ ஒரு ஆப்பை இறக்கச் சொல்லி, 10 ரூபாய் கட்டச் சொல்லி, 18,000 போய்விட்டது. அப்பா பார்த்துவிடக் கூடாது என்று அம்மா அந்த மெசேஜ், பணம் போன மெசேஜ், அழைப்புப் பதிவு எல்லாவற்றையும் அழித்துவிட்டார். இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் பையன் என்னிடம் வந்து, “அண்ணே, எந்த நம்பர்னே தெரியல” என்று நின்றான்.

இந்த மாதிரி நேரத்தில் செய்ய வேண்டியது சைபர் மோசடிப் புகார் நம்பரான 1930-க்கு அழைப்பது. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. அவர்கள் கேட்பது எந்த நேரம், எவ்வளவு, பரிவர்த்தனை எண் என்ன. அதெல்லாம் அந்த வங்கி மெசேஜில்தான் இருக்கும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் சொன்ன விதிப்படி, நம் தப்பும் இல்லாமல் வங்கி தப்பும் இல்லாமல் பணம் போயிருந்தால், வங்கி மெசேஜ் நமக்கு வந்ததிலிருந்து மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் நஷ்டம் நம் தலையில் விழாது. நாமே ஓடிபி சொல்லிக் கொடுத்திருந்தால் கதை வேறு, வங்கிக்குச் சொல்கிற நிமிஷம் வரை போனது நம்முடையது. எப்படிப் பார்த்தாலும் கடிகாரம் அந்த மெசேஜ் வந்த நேரத்திலிருந்துதான் ஓடுகிறது. அந்த அம்மாவுக்கு வங்கியில் ஸ்டேட்மென்ட் எடுத்துப் பரிவர்த்தனை எண்ணைக் கண்டுபிடித்தோம், நம்பரைத் தொலைபேசி நிறுவனத்தின் அழைப்பு விவரத்தில் தேடினோம். மூன்று நாள் அலைச்சல். புகார் பதிவானது. பணம் இன்னும் வரவில்லை.

அவர் சத்தம் போடுவார், இவர் திட்டுவார் என்று பயந்து அழிப்பதாக இருந்தால், முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பிவிட்டு அழியுங்கள். அனுப்பியவர் பெயர், தேதி, நேரம் மூன்றும் படத்தில் தெரிய வேண்டும். புகார் எழுத அது உதவும். ஆனாலும் வழக்கு என்று போனால் ஸ்கிரீன்ஷாட்டைவிட அசல் மெசேஜ் உள்ள போனுக்குத்தான் மதிப்பு.

அந்தப் பையன் வந்த அன்றைக்கு அவன் அம்மாவின் போனில் இன்னொன்றும் பார்த்தேன். இறக்கச் சொன்ன ஆப்புக்கு எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி கொடுக்கப்பட்டிருந்தது. அதாவது இனி வரும் ஓடிபியெல்லாம் அவர்களுக்கும் தெரியும். அமைப்புகளில் ‘அனுமதி மேலாளர்’ என்று தேடி, எஸ்எம்எஸ் என்பதைத் தொட்டால் யார் யாருக்குக் கதவு திறந்திருக்கிறது என்று காட்டும். டார்ச் லைட் ஆப்புக்கும் காலண்டர் ஆப்புக்கும் நம் மெசேஜ் எதற்கு? மெசேஜ் ஆப், பணம் அனுப்பும் ஆப் தவிர மற்றதை எல்லாம் மூடிவிடலாம். கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம் என்று வாட்ஸ்அப்பில் வருகிற ஏபிகே கோப்புகளும் (திறந்தால் ஆப்பாகப் போனில் ஏறிக்கொள்பவை) இதே கதவுக்காகத்தான் வருகின்றன.

ஓடிபியே வரவில்லை என்று புலம்புவோருக்கும் இரண்டு வார்த்தை. ரீசார்ஜ் முடிந்து நாளாகிவிட்டதா பாருங்கள். மெமரி சுத்தமாக நிரம்பிவிட்டால் ஸ்மார்ட்போன் புது எஸ்எம்எஸ்ஸை வாங்காது, அதற்கும் வழி வாட்ஸ்அப் வீடியோவைத் தூக்குவதுதான். பட்டன் போன் என்றால் அதன் கணக்கே வேறு, கொஞ்சம் மெசேஜுக்குத்தான் இடம், அங்கே அழித்துத்தான் ஆக வேண்டும். சிம் தொலைந்து அதே நம்பரில் புது சிம் வாங்கியிருந்தால் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது. சிம்மைத் திருடி ஓடிபி எடுப்பதைத் தடுக்க 2022-இல் வந்த ஏற்பாடு. சிம் வாங்கின கையோடு என் கடைக்கு வந்து அன்றைக்கே விண்ணப்பம் போட வேண்டும் என்று சண்டை பிடித்தவர்கள் உண்டு.

மாமா போனுக்கு இப்போது அவர் பெயரிலேயே ஜிமெயில் இருக்கிறது. பாஸ்வேர்டை அத்தை ரேஷன் கார்டு உறைக்குள் எழுதி வைத்திருக்கிறாள், அதற்கு மேல் பாதுகாப்பை நான் வற்புறுத்தவில்லை. பேக்கப் ஆன். போனை 57 நாள் பயன்படுத்தாமல் போட்டுவிட்டால் கூகுள் அந்தப் பேக்கப்பை நீக்கிவிடலாம், ஆனால் மாமா 57 நிமிஷம் கூட விடமாட்டார். கூடவே ‘எஸ்எம்எஸ் பேக்கப் அண்ட் ரீஸ்டோர்’ என்ற ஆப்பைப் போட்டு வாரம் ஒரு முறை ஒரு கோப்பாக எடுத்து வைக்கச் செய்திருக்கிறேன். இதற்குப் போனை அழிக்க வேண்டாம், எப்போது வேண்டுமானாலும் திரும்பக் கொண்டுவரலாம். எல்லாவற்றுக்கும் மேலே, நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். மாமா மெசேஜ் வந்ததும் அதில் எழுதுகிறார். ஐம்பது கிராம் விஷயம் இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது, வேனில் ஏற்றும் முன் வீட்டில் ஒரு எடையும் போட்டு அதையும் பக்கத்தில் எழுதுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடைக்கு வருவார். நான் ஒவ்வொரு பெயராகப் படிப்பேன். அவர் “வை” அல்லது “தூக்கு” என்பார். பூக்கடை, வை. ரீசார்ஜ், தூக்கு. பேங்க், வை. போன வாரம் ‘உங்களுக்கு 5 லட்சம் தனிநபர் கடன் ஒப்புதல் ஆகிவிட்டது’ என்று பி-யில் முடிகிற ஒன்று வந்தது. தூக்கிவிடலாமா என்று விரலை வைத்தேன்.

“இருக்கட்டும் மாப்ள” என்றார். “தர்றேன்னு சொல்றவன் அவன் ஒருத்தன்தான்.”